மீதியைத் தாமே முடித்துக்கொள்பவர்

நாம் பேச்சின் பாதியில் இருக்கும்போதே சிலருக்குத் தாடை மேலும் கீழும் ஆடத் தொடங்கிவிடும். இருபது வருடங்களாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். தி. நகர்த் துணிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்த காலத்திலும் பார்த்தேன். இப்போது ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்னக் கம்பெனியில் டீ கொடுக்கும்போதும் பார்க்கிறேன். தாடை ஆடிவிட்டால் இனி நாம் பேசிப் பயனில்லை, மீதியை அவர் எடுத்துக்கொண்டுவிட்டார் என்று பொருள். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் பாதியில் புரிந்தவர்.

உங்களுக்கும் இவரைத் தெரியும். "பட்டுப் புடவை எதுவும் வேண்..." என்று நீங்கள் ஆரம்பித்து, 'டாம்' வருவதற்குள் பதினாறு பட்டுப் புடவைகள் உங்கள் முன் விரிந்து கிடக்கும். அடையாறில் கேன்சர் ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் தையல்காரரிடம் போக ஆட்டோவில் ஏறுவீர்கள். ஆஸ்பத்திரி என்ற சொல்வரைக்கும்தான் சொல்லியிருப்பீர்கள். "கவலப்படாதம்மா, இப்பல்லாம் சொஸ்தமாயிடுது, என் மச்சினிச்சிக்கே ஆயிடுச்சு" என்று தொடங்கி, வழியெல்லாம் ஆறுதல் சொல்லி, இறங்கும்போது பேசியதைவிடப் பத்து ரூபாய் குறைத்து வாங்கிக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார். ரவிக்கைக்குக் கொக்கி வைக்க வந்தேன் என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? நானும் கும்பிட்டேன்.

கெட்டவரா? இல்லவே இல்லை. நம் நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுப்பதாக மனதார நம்புகிறவர். மிச்சப்பட்ட நேரத்தை எங்கே வைத்திருக்கிறார் என்பதுதான் தெரியவில்லை.

இந்த இனத்தில் நான் பார்த்த முதல்தரமான ஆள் எங்கள் கம்பெனி இன்ஜினியர் ராம்குமார் சார். அவருக்குப் பிழைப்பே அதுதான். சாட்டிலைட்டோடு பேசுவதற்கு, ஓடுகிற வண்டியின் கூரையில் ஒரு தட்டு, தோசைக்கல்லைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குள் நூற்றுக்கணக்கில் குட்டி ஆண்டெனாக்கள். எல்லாம் ஒரே நேரத்தில் பேசினால் பேச்சு நேர் மேலே போகுமாம். ஒன்றுக்குப் பின் ஒன்று இம்மி இம்மியாகத் தாமதித்துப் பேசினால், எல்லாப் பேச்சும் ஒரே கற்றையாகிச் சாய்வாகப் போகுமாம். கற்றையை அவர்கள் பீம் என்பார்கள். தட்டு அசையாது, பீம் மட்டும் திரும்பும். மேலே சாட்டிலைட் ஓடுகிறது, கீழே வண்டி ஓடுகிறது, நடுவில் பீம் பிடியை விடக்கூடாது. இப்போது எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தால் தாமதமாகிவிடும். அடுத்த நொடி எங்கே இருக்கும் என்று முதலில் ஊகித்துவிட்டு, பிறகு வருகிற சிக்னலைக் கேட்டு ஊகத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். ராம்குமார் சார் எழுதிய கணக்கில் ஊகத்துக்கு இலை நிறையச் சாப்பாடு, கேட்பதற்கு ஓரத்தில் ஊறுகாய். யார் எழுதினாலும் தன்னைப் போலத்தானே எழுதுவார்கள்?

அது போதாதென்று, வண்டியின் திரும்பும் விளக்கிலிருந்து தட்டுக்கு ஒரு கம்பியும் இழுத்தார்.

"டிரைவர் இண்டிகேட்டர் போட்டதுமே தட்டுக்குத் தெரிஞ்சுடும்க்கா. வண்டி திரும்பறதுக்கு முன்னாடியே பீம் திரும்ப ஆரம்பிச்சுடும்."

"சார், ஆனா பக்கிரி அண்ணன் அந்த விளக்க..."

"சரியாப் போடுவாரு. அவர் பழைய டிரைவராச்சே."

சோதனை ஓட்டம் தொடங்கியது. ஆபீசில் கேமரா முன் உட்கார்ந்து, எங்கள் கம்பெனிப் பெண் சரண்யா ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். அந்தப் படம் சாட்டிலைட் வழியாக வண்டிக்குள் இருக்கும் லேப்டாப்புக்கு வரும். சைதாப்பேட்டை தாண்டுவதற்குள் நான்கு முறை படம் உறைந்து, வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாள். மயிலாப்பூர் மாட வீதியில் ஏழில் நின்றவள், மறுபடி அசைந்தபோது நூற்று நாற்பதில் இருந்தாள். ராம்குமார் சாரின் அறிக்கை ஒரே வரி: டிரைவர் சரியாகத் திருப்புவதில்லை. முதலாளி சந்திரிகா மேடம் அதைப் படித்தார். வெள்ளிக்கிழமை ஆம்புலன்ஸ் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். வியாழக்கிழமை ஓட்டத்திலும் படம் நின்றால் வேறு டிரைவர் வைக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

பக்கிரி அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது. இந்த வயதில் அவருக்கு இன்னொரு வண்டிச் சாவியை யார் கொடுப்பார்கள்? அவர் லாரி ஓட்டி வந்தவர். லாரிக்காரர் வலது விளக்கைப் போட்டால், பின்னால் வருகிறவரே, எதிரில் ஒன்றும் இல்லை, என்னைத் தாண்டிப் போகலாம் என்று அர்த்தம். நாற்சந்தியில் நேராகப் போவதற்கு இரண்டு விளக்கையும் போடுவார். நிஜமாகவே வலது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் கையை வெளியே நீட்டுவார். கைக்குக் கம்பி இழுக்க முடியுமா?

அவர் சொல்லிப் பார்க்காமல் இல்லை.

"சார், நான் லைட்டு போடறது திரும்பறதுக்கு..."

"முன்னாடியே போடணும், அதானே? நீங்க லேட்டாப் போடறீங்கண்ணே."

"அய்ய, அது இல்ல சார். பின்னால வர்றவனுக்கு..."

"தெரியணும். அதுக்குத்தான் சீக்கிரமாப் போடுங்கன்றேன்."

பக்கிரி அண்ணன் டீ குடிக்க வந்தார். "இன்னா தங்கம் இது? நான் வாயத் தொறந்தா அவரு பேச்சு வருது. என் வாயி எங்க கீதுன்னே தெர்ல." ஆனாலும் சொன்ன சொல்லைத் தட்டாதவர். மறுநாள் விளக்கைச் சீக்கிரமாகவும் போட்டார், நெடுநேரமும் போட்டார். அன்று சரண்யா பத்தைத் தாண்டவே இல்லை.

வியாழக்கிழமை வந்தது. முன்னால் பக்கிரி அண்ணன், அவர் பக்கத்தில் மேடம், நடுவில் லேப்டாப்போடு ராம்குமார் சார், பின் சீட்டில் ஃபிளாஸ்க்கோடு நான். முந்தைய ஓட்டங்களிலும் எனக்கு அதே இடம்தான். அங்கிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும்: முன்னால் ஸ்டியரிங்குக்குப் பின்னே இண்டிகேட்டரின் பச்சை அம்பு சிமிட்டும், இங்கே லேப்டாப்பில் சரண்யா நிற்பாள். ஆனால் அதை ஒரு முழு வாக்கியமாக யாரிடம் சொல்வது?

தி. நகர்ப் பக்கம் ஒரு தெருவில், பின்னால் வந்த ஷேர் ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்தது. பக்கிரி அண்ணன் வலது விளக்கைப் போட்டார். ஆட்டோ தாண்டிப் போனது, வண்டி நேராகப் போனது, சரண்யா முப்பத்திரண்டில் நின்றாள். மேடம் மெதுவாகத் திரும்பிப் பக்கிரி அண்ணனைப் பார்த்தார். அவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார்.

துணிக்கடையில் படித்துக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. பாதியில் புரிந்தவரிடம் எதையாவது விற்க வேண்டுமானால் கடைசிச் சொல்லை நாம் சொல்லக் கூடாது. அதை அவருக்கு விட்டுவிட வேண்டும்.

"சார், இப்ப வண்டி நேராத்தானே போகுது? ஆனா அந்த வலது பக்கத்து விளக்கு..." என்று நிறுத்திக்கொண்டேன்.

"எரியுது," என்றார் சார், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்ப மேல இருக்கிற தட்டு, வண்டி வலது பக்கம்..."

"திரும்புதுன்னு நெனச்சு, பீமை அந்தப் பக்கம்..."

அந்த வாக்கியத்தை முடித்துக் கொடுக்க வண்டிக்குள் யாரும் முன்வரவில்லை. சார் தலையைத் தூக்கி, சிமிட்டுகிற அம்பையே பார்த்தார். பிறகு, "அண்ணே, வண்டிய ஓரங்கட்டுங்க," என்றார்.

கம்பியைப் பிடுங்கினார். கணக்கிலும் ஊகத்தின் இலையிலிருந்து கொஞ்சம் சோற்றை எடுத்துக் கேட்பதன் பக்கம் வைத்தார். மயிலாப்பூர் போய், அடையாறு சுற்றி, ஆபீஸ் திரும்பும்வரை சரண்யா எண்ணிக்கொண்டே இருந்தாள்; தண்ணீர் குடித்துக்கொள்ளட்டுமா என்று அவளே கேட்டதும் தெளிவாகக் கேட்டது.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார் மேடம்.

"எனக்கு மொதல்லேர்ந்தே ஒரு டவுட் மேடம்."

நான் டீ ஊற்றினேன்.

"நீதான் சொன்னேன்னு மேடமாண்ட சொல்லட்டா?" என்று பக்கிரி அண்ணன் பிறகு கேட்டார்.

"வேணாம்ணே. அதைச் சொல்ல ஆரம்பிச்சா..."

"அதையும் அவரே முட்ச்சிக்குவாரு, அதானே?"

பாருங்கள், இது ஒட்டிக்கொள்கிற வியாதி. டீ கொடுக்கிறவள்தான் கடைசியில் காரியத்தை முடிப்பாள் என்று உங்களுக்கும் நடுவிலேயே தெரிந்திருக்குமே? தெரிந்திருந்தால், நீங்கள் எந்த இனம் என்று வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு முறை கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.

ஆம்புலன்ஸ் கம்பெனிக்காரர்கள் தட்டை வாங்கிக்கொண்டார்கள். ராம்குமார் சார் திருந்தவில்லை. வண்டியைப் பக்கிரி அண்ணன்தான் ஓட்டுகிறார்.