எண்ணெய் மூடியை மோந்து பார்ப்பவர்

பழைய கார் விற்பவர்கள் இருக்கிறார்கள், பழைய கார் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு நடுவே மூன்றாவதாக ஓர் இனம் உண்டு: பழைய கார் பார்ப்பவர்கள். பார்ப்பார்கள். மறுபடியும் பார்ப்பார்கள். வாங்க மாட்டார்கள்.

இவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் வீட்டு வாசலிலோ, யாருடைய காருக்கு முன்னாலோ குனிந்து நிற்கும் ஒரு முதுகு, கையில் டார்ச், சட்டைப்பையில் கைக்குட்டை சுற்றிய காந்தம், வாயில் “ம்ம்ம்...” என்று ஓர் ஒலி. அந்த “ம்ம்ம்”முக்கு அர்த்தம் எதுவும் கிடையாது. விற்பவரின் வயிற்றில் புளியைக் கரைப்பது ஒன்றே அதன் வேலை.

இந்த இனத்தில் ஒருவரைத் தெரிந்துகொண்டால் எல்லாரையும் தெரிந்துகொண்ட மாதிரி. அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். அங்கே அவருக்குப் பெயர் பூதக்கண்ணாடி. துணைக்கால் இருக்கவேண்டிய இடத்தில் ‘ர’ நின்றால் பத்தடி தூரத்திலேயே பிடித்துவிடுவார். பிழையே இல்லாத பக்கம் கைக்கு வந்தால்தான் அவருக்கு வியர்க்கும். “எங்கியோ ஒளிஞ்சிருக்கு” என்று அதை மூன்று முறை படிப்பார்.

அவர் மனைவி பிசியோதெரபி செய்பவள். மடக்குக் கட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு, பேருந்து மாறி மாறி வீடு வீடாகப் போய், மற்றவர்களின் தோள்வலியைக் குணப்படுத்திக்கொண்டே தனக்கொரு தோள்வலியைச் சம்பாதித்திருந்தாள். ஒன்றாம் தேதியிலிருந்து ஊரின் மறுகோடியில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு நல்ல வேலை காத்திருந்தது. அங்கே பேருந்து போகாது. கார் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. இந்தக் கதை நடந்த ஞாயிற்றுக்கிழமை தேதி இருபத்தாறு.

கார் தேட ஆரம்பித்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. இருபத்து மூன்று கார் பார்த்தாயிற்று. ஒன்றில் பெடல் ரப்பர் தேய்ந்திருந்தது. ஆகவே மீட்டரைப் பின்னால் திருப்பியிருக்கிறார்கள். இன்னொன்றில் ரப்பர் புதிது. ஆகவே தேய்ந்ததை மறைத்திருக்கிறார்கள். ஒரு கார் பளபளவென்று இருந்தது. எதையோ கழுவியிருக்கிறார்கள்! ஒரு கார் அழுக்காக இருந்தது. கழுவவே சோம்பல் பட்டவர்கள் ஆயில் மாற்றியிருப்பார்களா?

உண்மையில் அவர் பயந்தது மோசமான காருக்கு இல்லை. வாங்கின மறுநாள் அச்சகத்தில் யாராவது, “அடடா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?” என்று உச்சுக்கொட்டுவார்களே, அதற்குத்தான்.

இருபத்து நான்காவது கார் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியது. சொந்தக்காரர் ஓய்வுபெற்ற மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. முப்பது வருடம் டாக்டர்களின் அறைக்கு வெளியே பையோடு காத்திருந்து பழகியவர். அவருடைய பொறுமையைச் சோதிக்க நம்மவரால் கூட முடியாது.

சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே நம்மவர் மனைவியோடு போய் இறங்கினார். இன்ஜினை முன்கூட்டியே சூடாக்கி வைத்து ஏமாற்றுகிறார்களா என்று பார்க்கத்தான். பானெட்மேல் குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் உள்ளங்கையை வைத்தார். ஜில்லென்று இருந்தது. கொஞ்சம் ஏமாற்றம்.

“காலையில இருந்து எடுக்கவே இல்லீங்க. வேணும்னா இன்னும் கொஞ்சம் தொட்டுப் பாருங்க” என்றபடி விற்பவர் வந்தார்.

நம்மவர் தொட்டார். எண்ணெய் மூடியைத் திறந்து மோந்தார். எண்ணெயில் தண்ணீர் கலந்து மூடியின் அடியில் பால் மாதிரி படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்தார். இல்லை. கதவுகளில் காந்தம் வைத்தார், ஒட்டியது. ஒட்டாமல் இருந்திருந்தால் உள்ளே பட்டி பூசியிருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டிருக்கலாம். டயர்கள் நான்கும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. கிளப்பிப் பார்த்தார், புகையில் நீலமும் இல்லை, கறுப்பும் இல்லை. அணைக்கச் சொல்லிவிட்டுக் கடைசியில் செய்தித்தாளை விரித்துக் காருக்கு அடியில் புகுந்தார்.

துரு இல்லை. கசிவு இல்லை. தலையைத் திருப்பியபோது காதோரம் கிடந்த செய்தித்தாளில் ‘கண்கானிப்பு’ என்று அச்சாகியிருந்தது. அப்பாடா!

“என்னங்க, வெளிய வாங்க. ஓட்டிப் பாக்கணும்.”

மனைவி ஓட்டினாள். விற்பவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நம்மவர் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டினார். மேட்டில் ஏறியது, பள்ளத்தில் இறங்கியது, பிரேக் போட்டால் நேராக நின்றது. மூன்றாவது தெருவில்தான் அந்தச் சத்தம் கேட்டது: டக்... டக்... டக்.

“நிறுத்து! நிறுத்து!” அவர் முகத்தில் பதினான்கு மாதமாகக் காணாத வெளிச்சம். “கேட்டியா? சஸ்பென்ஷன் போயிடுச்சு!”

மனைவி திரும்பிப் பார்த்தாள். “பேண்ட் பையில இருக்கிற டார்ச் சீட் பெல்ட் கொக்கியில இடிக்குது. அதை எடுத்துக் கீழ வைங்க.”

விற்பவர் வீட்டு வாசலுக்குத் திரும்பியதும் நம்மவர் தாடையைத் தடவினார். “ஒரு குறையும் தெரியல. அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு.”

“குறை இருக்குங்களே” என்றார் விற்பவர் சாவகாசமாக. “பின்பக்கம் இடது ஜன்னல் பாதிக்கு மேல எறங்காது. கிளட்ச் இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் தாங்கினா அதிகம். டைமிங் பெல்ட் போன வருஷம் மாத்தினது, பில் இருக்கு. அம்மாகிட்ட எல்லாம் காட்டிட்டேனே.”

“எப்போ?”

மனைவி கொஞ்சம் தயங்கினாள். “நேத்து. நம்ம தெரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்தேன். தூக்கி நிறுத்திப் பாத்தாரு. சர்வீஸ் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாப் பொரட்டினாரு. எல்லாம் நெடுஞ்சாலையில ஓடின வண்டி, தாராளமா எடுக்கலாம்னாரு. கிளட்ச்சுக்குன்னு வெலையையும் கொறச்சுட்டேன்.”

“அப்ப இன்னிக்கு நான் எதுக்கு?”

“நீங்க பாக்காம வாங்கினா உங்களுக்குத் தூக்கம் வருமா?”

அவருக்கு முதலில் சுருக்கென்றது. காருக்கு அடியில் கிடந்த முதுகு, மோந்து பார்த்த மூக்கு, எல்லாம் சேர்ந்து அவமானப்பட்டன. பிறகு, மெதுவாக, வேறொன்று உறைத்தது. நாளைக்கு இந்தக் கார் நடுரோட்டில் நின்றால் ஏமாந்தது அவர் இல்லை! யாரும் அவரைப் பார்த்து உச்சுக்கொட்ட முடியாது. தோளிலிருந்து ஒரு மடக்குக் கட்டிலை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. “சரி, எடுத்துக்கலாம்” என்றார். ஏதோ அவர் முடிவு செய்ததுபோல். மனைவியும் அப்படியே தலையாட்டினாள்.

ஒன்றாம் தேதி அவள் வேலைக்குப் போனாள். கார் இன்றுவரை எங்கேயும் நிற்கவில்லை. ஆகையால் அச்சகத்தில் இப்போது கதை வேறு: “அடியில படுத்துப் பாத்துத்தானே எடுத்தேன்! ரெண்டு லட்சம் ஓடின வண்டின்னா சும்மாவா?” பைண்டிங் பிரிவுக்காரர் தன் கார் விஷயமாக அவரிடம் யோசனை கேட்டிருக்கிறார். இதுவரை நான்கு கார் பார்த்தாயிற்று. நான்கும் சரியில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன்: இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, “ஆமா, இவர் ரேடியேட்டர் தண்ணியைப் பாக்கவே இல்லையே?” என்று மனதுக்குள் எங்காவது உறுத்தியதா? உறுத்தியதென்றால், வீட்டில் இருப்பவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். எத்தனையோ முடிவுகளை அவர்கள் ஏற்கனவே எடுத்து முடித்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை உங்களைக் கூட்டிக்கொண்டு போவதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான்.