கஞ்சி போட்ட விண்ணப்பம்

நான் வேலைக்கு விண்ணப்பம் எழுதியது என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அந்த விண்ணப்பத்துக்குக் கஞ்சி போட்டேன். (ஆமாம், வேட்டிக்குப் போடுகிற அதே கஞ்சிதான். நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள்.)

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஊர் வெண்ணந்தூர், வீட்டில் நெசவு. எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் நான் ஒருவன்தான் என்பதால் கால் தரையில் படாமல் நடந்துகொண்டிருந்தேன். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நூல் சரியாக வராமல் எங்கள் தறி மாதத்தில் பாதி நாள் சும்மா நின்றது. அந்த நாட்களிலும் அப்பா தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருப்பார். ஏன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"வேற எங்க உக்கார்றதுன்னு தெரியல சாமி" என்றார்.

எப்படியாவது நான் சம்பளத்துக்குப் போய், அப்பாவை அந்தக் குழியிலிருந்து எழுப்பிவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சேலத்தில் ஒரு நூல் கிடங்கில் குமாஸ்தா வேலை காலி என்று தெரியவந்தது. ஒரே ஓர் இடம். விண்ணப்பம் சொந்தக் கையெழுத்தில் இருக்க வேண்டும். தன்னைப் பற்றிய விவரங்களைத் தனித்தாளில் எழுதிச் சேர்க்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுபோய்க் கொடுத்தால் திங்கட்கிழமை நேரில் கூப்பிடுவார்கள்.

தமிழிலும் எழுதலாம், ஆங்கிலத்திலும் எழுதலாம் என்றிருந்தது. தமிழில் எழுதினால் மேனேஜருக்கு எல்லாம் புரிந்துவிடுமே, அப்புறம் என்ன மதிப்பு? ஆங்கிலம்தான் என்று தீர்மானித்து, மாதிரிக் கடிதங்கள் அடங்கிய பழைய புத்தகம் ஒன்றை இரவல் வாங்கினேன். அதில் வேலை கேட்டு எழுதும் கடிதம் நாலு வரியில் சப்பென்று இருந்தது. ஆகவே, குடிநீர்க் கிணறு கேட்டுக் கலெக்டருக்கு எழுதும் மனுவிலிருந்து தொடக்கத்தை எடுத்துக்கொண்டேன். மாமனாருக்கு மருமகன் எழுதும் கடிதத்திலிருந்து நடுப்பகுதி. முடிவுக்கு மட்டும் ரொம்ப நேரம் தேடினேன். வாய்விட்டுப் படித்தால் நெஞ்சை உருக்குகிற மாதிரி ஒன்று கிடைத்தது. அது துக்கம் விசாரிக்கும் கடிதத்தில் இருந்தது. (அதனால் என்ன? அழகு எங்கே இருந்தாலும் அழகுதான் என்று நினைத்தேன்.)

விவரத் தாளை மட்டும் நானே சொந்தமாக எழுதினேன். ஜவுளித் தொழிலில் அனுபவம் பன்னிரண்டு வருடம் என்று போட்டேன். ஏழு வயதில் அம்மாவோடு உட்கார்ந்து நூல் சுற்ற ஆரம்பித்த நாளிலிருந்து கணக்கு. சைக்கிள் ஓட்டத் தெரியும் என்றும் எழுதினேன். (ஏறத் தெரியும், ஓட்டத் தெரியும். இறங்குவதைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை.) உயரம் ஐந்தரை அடி, செருப்போடு சேர்த்து. செருப்பு இரவல் என்பதைக் குறிப்பிடவில்லை.

எல்லாம் தயார். ஆனால் காகிதம் காலை வாரியது. யுத்த காலத்தில் நல்ல காகிதம் எங்கே கிடைத்தது? கடையில் கொடுத்தது பழுப்பு நிறத்தில் நொய்ந்துபோன ஒரு சரக்கு. பேனா முனை பட்டதும் மையைக் குடித்துவிடும். நான் வைத்த புள்ளி துவரம்பருப்பு அளவுக்கு வீங்கும். நான்கு நாளில் ஆறு தாள் பாழானது. மிச்சம் இரண்டே தாள். வியாழக்கிழமை காலையில் நான் முழங்காலில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தேன்.

அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு தாளை எடுத்து, நூலைத் தேய்த்துப் பார்ப்பதுபோல இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது கஞ்சி போடாத நூலாட்டம் இருக்குது சாமி. மை குடிக்காம என்ன பண்ணும்? இரு, நான் பாத்துக்கறேன்" என்றார்.

"ஏனுங்க, மனுசருக்கே கஞ்சி பத்தாம கெடக்குது. காயிதத்துக்குக் கஞ்சியாமா!" என்று அடுப்படியிலிருந்து அம்மா சத்தம் போட்டாள். போட்டுவிட்டு, தான் குடிக்க எடுத்துவைத்திருந்த வடிகஞ்சியை உப்புப் போடாமல் அப்படியே கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு அவள் எதைக் குடித்தாள் என்று நான் கேட்கவில்லை.

அப்பா கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டினார். தாளின் ஒரு பக்கம் தடவினால் சுருண்டுகொள்ளும் என்று இரண்டு பக்கமும் தடவினார். நிழலில் காயவைத்து, பித்தளைச் சொம்பின் அடிப்பாகத்தால் வழவழவென்று தேய்த்தார். தாள் அப்பளம்போல விறைத்துக்கொண்டு நின்றது. பேனாவை வைத்தேன். மை எங்கும் ஓடாமல் வைத்த இடத்தில் உட்கார்ந்தது. அவ்வளவு அழகான கையெழுத்தை அதற்கு முன்பும் நான் எழுதியதில்லை, பின்பும் எழுதியதில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, ஓர் எழுத்தும் புரியாமல், ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

விண்ணப்பத்தை மடிக்க முடியவில்லை. மடித்தால் உடைந்துவிடும். அதனால் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாள் பஸ் ஏறினேன். அப்போதெல்லாம் பெட்ரோல் கிடையாது, கரியில் ஓடும் பஸ். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். நான் பலகையை இறக்காமல் ஒரு கையால் தள்ளினேன். பக்கத்தில் இருந்த அம்மாள் அதைச் சாமி படம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் மறுக்கவில்லை.

கிடங்கில் இருந்த சிப்பந்தி, "அந்த ஜன்னல்கிட்ட வச்சுட்டுப் போப்பா" என்றார். ஜன்னலோரம் மேஜைமேல் விண்ணப்பங்கள் அடுக்கியிருந்தன. என்னுடையதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். காற்றில் பறந்துவிடுமோ என்று ஒரு பயம். என் விண்ணப்பத்துக்கு மேல் வேறு யாருடையதும் வந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணமும் இருந்தது. நூல் நிறுக்கும் பெரிய இரும்பு எடைக்கல் ஒன்று பக்கத்தில் கிடந்தது. அதைத் தூக்கி மேலே வைத்துவிட்டு வந்தேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மழை கொட்டித் தீர்த்தது. நல்ல சகுனம் என்று அம்மா பூரித்துப்போனாள்.

திங்கட்கிழமை கிடங்கு வாசலில் பத்துப் பேர் காத்திருந்தோம். என் பக்கத்தில் இருந்தவர் என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நாச்சிமுத்து என்று பேர் சொன்னார். மடியிலிருந்து வறுத்த கடலையை எடுத்து, நான் கேட்காமலே பாதியை என் கையில் கொட்டினார்.

"நமக்குத் திருச்செங்கோட்டுப் பக்கமுங்க தம்பி. ரெண்டு வருசமா மழையே இல்லீங்க, கெணறு வறண்டு போச்சு. இப்பப் பேஞ்சது இங்கதானுங்க, அங்க ஒரு துளியில்ல. இந்த வேல கெடச்சாத்தான் ஊட்ல அடுப்பு எரியுமுங்க" என்றார்.

அதற்குள் மேனேஜர் உள்ளேயிருந்து சிப்பந்தியின் பேர்ப் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டார். "முத்துசாமி யாரு? நாச்சிமுத்து யாரு? ரெண்டு பேரும் ஒண்ணா வாங்க!"

முத்துசாமி நான்தான். பத்துப் பேரில் முதலில் கூப்பிட்டதும், வேலை கிடைத்த மாதிரிதான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

மேனேஜர் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். ஒன்றும் பேசாமல் அந்த எடைக்கல்லைத் தூக்கிக் காட்டினார். எடைக்கல்லோடு என் விண்ணப்பமும் எழுந்து வந்தது.

"இது என்னய்யா?"

"எடைக்கல்லுங்க."

"அது தெரியுது. அதுக்குக் கீழ தொங்கறது?"

"என்னோட விண்ணப்பமுங்க. அதுக்குக் கீழ என்னோட விவரத் தாளுங்க."

"அதுக்கும் கீழ?"

நாச்சிமுத்து குனிந்து பார்த்தார். "அது நம்முளுதாட்டம் தெரியுதுங்க" என்றார் மெதுவாக.

மழை ஈரத்தில் கஞ்சி இளகி, எடைக்கல்லையும் மூன்று தாளையும் ஒரே பலகையாக ஒட்டிவிட்டிருந்தது. மேனேஜர் எடைக்கல்லைப் பிய்த்தார். 'ரெஸ்பெக்டட் சார்' என்ற வரி எடைக்கல்லோடு போய்விட்டது. பிறகு அடிக்கோலைச் செருகி என் தாள்களை உரித்தார். நாச்சிமுத்துவின் தாளில் இருந்த எழுத்து அத்தனையும் என் விவரத் தாளின் முதுகில் வந்து ஒட்டிக்கொண்டது, இடம் வலம் மாறி. அவருடைய தாள் ஏறக்குறைய வெறுமையாக நின்றது.

மேனேஜர் என்னுடையதைப் படிக்க ஆரம்பித்தார். நடுவில் நிறுத்தி, "என் மக உன் வீட்டில சௌக்கியமா இருக்கான்னு எழுதியிருக்கே. எனக்கு மகளே கிடையாதேய்யா" என்றார். நான் தரையைப் பார்த்தேன். கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "என் குடும்பத்துக்கு நேர்ந்த இழப்புல நீயும் பங்கெடுத்துக்கறியா? எங்க வீட்டில இப்ப யாருய்யா செத்தது?"

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. (கஞ்சி இல்லாமலே.)

"என்னவோ போ. உன்னுது படிக்கவாவது முடியுது. இவருது வெறுங்காயிதம். எழுத்தே இல்லாத விண்ணப்பத்த நான் எப்படி எடுத்துக்கிறது?" என்று சொல்லிவிட்டு மேனேஜர் நாச்சிமுத்துவைப் பார்த்தார். "நீங்க போகலாம்."

நாச்சிமுத்து ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "சரிங்க, அப்ப நான் வாரேனுங்க" என்று கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க காயிதம் நல்லா வெறப்பா இருக்குதுங்க தம்பி. நல்லா வருவீங்க" என்றார்.

அவர் கொடுத்த கடலை இன்னும் என் கையில் இருந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் ஒருவேளை வேலை எனக்கே கிடைத்திருக்கும். தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் அப்பா கண்ணுக்குள் வந்தார். நாச்சிமுத்து கதவுவரை போகிறவரை நான் சும்மாதான் நின்றேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம் வெட்கம் தாங்க முடியவில்லை.

"சார், அவர் எழுதினது எங்கியும் போகலீங்க. என் தாளுக்குப் பின்னாடி இருக்குது. எடைக்கல்ல வச்சதும் நான்தானுங்க. நானே படிச்சுக் காட்டறனுங்க" என்றேன்.

மாறிக் கிடக்கும் எழுத்து எனக்குக் கஷ்டமாக இல்லை. எங்கள் தறியில் சேலையின் நல்ல பக்கம் கீழே இருக்கும். மேலே தெரிகிற உள்பக்கத்தைப் பார்த்தே மறுபக்கத்தைத் தெரிந்துகொள்வது எங்கள் வீட்டுப் பழக்கம். தாளைப் பிடித்துக்கொண்டு உரக்கப் படித்தேன்.

"ஐயா, நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தேன், தேறவில்லை. கடலை மண்டியில் இரண்டு வருடம் எடை எழுதினேன். நான் எழுதியதில் தப்பு வந்தால் நானே போய்ச் சொல்லிவிடுவேன். இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். ஆங்கிலம் படிப்பேன், பேச வராது. வேலை கொடுத்தால் நேரத்துக்கு முன்னால் வந்துவிடுவேன். இப்படிக்கு, நாச்சிமுத்து."

அவ்வளவுதான். யார் மகளும் அதில் வரவில்லை, யாரும் சாகவில்லை. படிக்கப் படிக்க என் குரல் இறங்கிக்கொண்டே போனது. நானே மேனேஜராக இருந்தாலும் இவருக்குத்தான் வேலை கொடுப்பேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மேனேஜருக்கும் தெரிந்துவிட்டது.

"நாச்சிமுத்து, நாளைக்கு வந்து சேருங்க" என்றார்.

நாச்சிமுத்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. வீட்டில் போய் என்ன சொல்வது? நான் திரும்பும்போது மேனேஜர், "ஏய், நீ இரு" என்றார். என் விண்ணப்பத்தை வெளிச்சத்தில் பிடித்துச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மழையிலயும் உன் மை கலையவே இல்லியே. என்ன பண்ணினே?"

"எங்கப்பா கஞ்சி போட்டாருங்க."

"இங்க சரக்குப் பதியற தாளெல்லாம் மை ஊறி, நான் எழுதினத எனக்கே படிக்க முடியல. நாளைக்கு உங்கப்பாவக் கூட்டிட்டு வா."

மறுநாள் அப்பா துவைத்த வேட்டியும் சட்டையும் போட்டுக்கொண்டு வந்தார். தாள் ஒட்டாமல் கஞ்சி போட முடியுமா என்று மேனேஜர் கேட்டார்.

"கஞ்சியில ரெண்டு சொட்டு எண்ணெ உட்டா ஒட்டாதுங்க சாமி" என்றார் அப்பா. ஏதோ குற்றம் செய்துவிட்டவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார். "அன்னிக்கு ஊட்ல எண்ணெ இல்லீங்க."

மேனேஜர் சிப்பந்தியைக் கூப்பிட்டு, அப்பாவிடம் ஒரு கட்டுத் தாளையும் எண்ணெய்ச் சீசாவையும் கொடுக்கச் சொன்னார்.

யுத்தம் முடிகிறவரை அந்தக் கிடங்கின் தாள்களுக்கெல்லாம் எங்கள் வீட்டில்தான் கஞ்சி போட்டோம். மாதம் தவறாமல் சம்பளம் வந்தது, அப்பாவுக்கு. தறி சும்மா நின்ற நாட்களில் அவர் குழியில் உட்காரவே இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து சொம்பால் தேய்த்துக் கொடுத்தேன். (பின்னாளில் எனக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. நல்லவேளையாக, அதற்கு விண்ணப்பம் கேட்கவில்லை.) தாள்களை வாங்கிப் போக வந்த நாச்சிமுத்து மெல்ல மெல்ல எங்கள் வீட்டு மனிதராகிவிட்டார். அவர் வரும் நாளில் அம்மா அவருக்கென்று தனியாகக் கஞ்சி எடுத்துவைப்பாள், உப்புப் போட்டு.

அப்பாவிடம் நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன், "உங்க கஞ்சியப் பாத்துத்தானுங்கப்பா வேல குடுத்தாங்க" என்று. அவர் நம்பவே இல்லை.

"போ சாமி. கஞ்சியையா படிச்சாங்க? நீ எழுதுனதத்தான படிச்சாங்க" என்பார். கடைசிவரை கண்டவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார், "எம்பையன் ஒரே ஒரு கடுதாசிதான் எழுதுனான். எனக்கு வேல குடுத்துட்டாங்க!"

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தாலும், வேலை அப்பனுக்குப் போய்விடப் போகிறது, பார்த்து எழுது என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. என் மகன் படித்து முடித்துத் தன் முதல் விண்ணப்பத்தை எழுதினான். தபாலில் சேர்த்துவிட்டு வந்து, முகத்தில் சிரிப்பே காட்டாமல் என் முன்னால் நின்றான்.

"அப்பா, எதுக்கும் ஒரு சட்டையத் தொவச்சு வச்சுக்குங்க" என்றான்.

கழுதை என்று திட்டினேன். திட்டிவிட்டு, துவைத்து வைத்தேன்.