புதுக் கோச்சுக்குப் பால் காய்ச்சிய கதை

உற்சாகம் மிதமிஞ்சினால் எனக்கு மூளை வேலை செய்யாது. நம்பாவிட்டால் என் அண்ணையின் இடுப்பைக் கேட்டுப் பாருங்கள், சாட்சி சொல்லும்.

அப்போது மொன்ட்ரியாலில் கல்லூரி மாணவி நான். எங்கள் கூடைப்பந்து அணியின் ரசிகர் தலைவியும் நான்தான். (தேர்தல் எல்லாம் நடக்கவில்லை. தொண்டை பெரிசு, அவ்வளவுதான்.) எங்களிடம் ஒரு மேளம் இருந்தது. அந்தச் சத்தத்தில் தான் கத்துவது ஆட்டக்காரருக்குக் கேட்கவில்லை என்று பழைய கோச் அதற்குத் தடை போட்டுவிட்டார். அந்தப் பருவம் முழுவதும் வெறுங்கையைத் தட்டினோம், அணியும் தோற்றுக்கொண்டே இருந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன்.

எனவே புதுக் கோச் வருகிறார் என்றதும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஆரவாரம். கோச்சின் படம், மனைவியின் படம், பந்தைக் கட்டிப்பிடித்து நிற்கும் சின்ன மகளின் படம். "ஐயோ, அந்தப் பிள்ளையைப் பாருங்கோவன்!" என்று ஆளாளுக்கு உருகினார்கள். எனக்கோ மேளம்தான் கண்ணுக்குள் நின்றது. இந்தக் குடும்பத்தை வளைத்துப் போட்டால் மேளம் திரும்பி வரும்! அதிலும் ஒரு அதிர்ஷ்டம், மொன்ட்ரியால்-நோர் பகுதியில் அவர்கள் வாடகைக்கு எடுத்த மாடி வீடு என் மாமாவுடையது.

"யூலை ஒண்டாந்தேதி காலமை வருகினம்" என்றார் மாமா.

வாடகை ஒப்பந்தங்கள் முடிகிற அன்றைக்கு இந்த ஊரில் பாதிப் பேர் வீடு மாறுவார்கள், தெருவெல்லாம் லொறி. நானும் அண்ணையும் மேளமும் பாலுமாகப் போய் இறங்கினோம். வாசலில் லொறி, உள்ளே நிறையச் சாமான். மேலே வீடு வெறுமை, கதவு திறந்து கிடந்தது. ஆட்களைக் காணவில்லை.

"களைச்சுப்போய் எங்கயோ சாப்பிடப் போட்டினம். வர முதல் எல்லாத்தையும் மேல ஏத்துவம்" என்றேன்.

"ஒருக்காக் கேட்டிட்டுச் செய்வமே, தங்கச்சி?"

"என்னத்தைக் கேக்கிறது? வீடு வெறுமை, லொறி நிறைய. உங்களுக்குக் கண் தெரியேல்லையே?"

வெளிப்பக்கத்து வளைந்த இரும்புப் படியால் கட்டில் ஏறியது, சோபா ஏறியது. பிரிட்ஜ் பாதி வழியில் இறுகி நின்றபோது அண்ணை "அம்மா!" என்று அலறினார். "கோச்சுக்காக, அண்ணை!" என்று நான் உற்சாகமூட்டினேன். (நான் தலையணைகளைத் தூக்கினேன். தலைவிக்கு மேற்பார்வை வேலை அதிகம்.)

பிறகு பெட்டி ஒன்றைப் பிரித்துச் சட்டி எடுத்து, மாமாவின் அடுப்பில் பால் காய்ச்சினேன். புதுவீடு அல்லவா? பால் பொங்கியது, அண்ணை மேளத்தை வெளுத்து வாங்கினார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு ஆணும் பெண்ணும் குளிர்பானத்தோடு வந்து நின்றார்கள்.

"பொன்ஜூர்" என்றார் அவர், மெல்லிய குரலில்.

படத்தில் பார்த்த முகம் இல்லை. கோச்சின் சொந்தக்காரராக்கும் என்று நினைத்து, "வாங்கோ, வாங்கோ!" என்று பிரெஞ்சில் வரவேற்றேன். அந்தப் பெண் சோபாவில் தொப்பென்று இருந்து அழத் தொடங்கினாள். அது அவளுடைய சோபா. அவர்கள் வருகிறவர்கள் இல்லை, போகிறவர்கள். விடியற்காலையிலிருந்து இருவருமாகத் தனியே மாரடித்து லொறியில் ஏற்றிய சாமான் அத்தனையையும் நாங்கள் பழையபடி வீட்டுக்குள் கொண்டுவந்து அடுக்கியிருந்தோம்!

கீழே இன்னொரு லொறி வந்து நின்றது. படத்தில் பார்த்த அதே கோச். தோளில் இருந்த மகள் எட்டிப் பார்த்து, "அப்பா, எங்கட வீட்டில வேற ஆக்கள் இருக்கினமே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

மேளம் போச்சு என்று நினைத்தேன். அழுகையோடு அழுகையாக நடந்ததைச் சொன்னேன். கோச்சின் மனைவி பால் சட்டியைப் பார்த்தார், பிரிட்ஜைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். கோச் சிரிக்கவில்லை.

"மேளம் ஆருடையது?"

"எங்கட" என்றேன்.

"அடிக்கச் சொல். எல்லாரும் வரிசையில் நில்லுங்கள்."

அண்ணை அடித்தார். படியில் நின்று நான் "இறக்கு!" என்று கத்தினேன், லொறியடியில் "ஏத்து!" என்று கத்தினேன். அழுத பெண்கூட தாளத்துக்குக் கால் போட்டாள். சாமான் பறந்தது. கடைசிப் பெட்டி பழையவர்களின் லொறியில் ஏறியதும் கோச் வியர்வையைத் துடைத்தபடி, "இந்த மேளம் என் அணிக்கு வேணும். ஆனால் என் லொறியில் நீ கை வைக்கக் கூடாது" என்றார். நான் துள்ளிய துள்ளலில் இரும்புப் படி அதிர்ந்தது.

இன்றைக்கும் அந்த அரங்கில் எங்கள் பந்து முன்னேறினால் "ஏத்து!", எதிரணி வந்தால் "இறக்கு!" தமிழே தெரியாத பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். அந்தப் பழைய குடித்தனக்காரரும் மனைவியோடு வந்து கத்துவார். என்னைக் கண்டால் மட்டும் கார்ச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

போன வருடம் நானும் கணவரும் பியர்பொன்ட்ஸுக்கு வீடு மாறினோம். உதவிக்கு வந்த அண்ணை இடுப்பைப் பிடித்துக்கொண்டு லொறிக்கு முன்னால் நின்றார், அசையவில்லை.

"தங்கச்சி, முதல்ல சொல்லு. இது வாற சாமானோ, போற சாமானோ?"