அரசாங்க எலி சொன்ன தீர்ப்பு

மேடையில் பெண் ஏறக் கூடாது என்பது எங்கள் லண்டன் மாநகரில் நல்லவர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்ட காரியம். பெண் ஏறினால் ஒழுக்கம் கெட்டுவிடும். ஆகவே ஒரு ஆண்பிள்ளையின் மீசையைச் சிரைத்து, முகத்தில் வெள்ளைப் பூச்சு அப்பி, பிரம்பு வளையம் வைத்த பாவாடைக்குள் இறுக்கிக் கட்டி ஏற்றிவிடுவோம். ஒழுக்கம் பத்திரமாக இருக்கும்.

தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், எங்கள் பேட்டை நாடகக் கொட்டகையில், அம்ப்ரோஸ்தான் ராணி. வயது இருபத்து மூன்று. ராணி வேஷத்தைத் தவிர வேறு பிழைப்புத் தெரியாது. அவன் அழுதால் கசாப்புக் கடைக்காரர்கள் விம்முவார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை அதைப் பார்த்த யாரோ ஒரு பக்திமான், ‘இவ்வளவு நன்றாக அழுவது நிச்சயம் பெண்தான்’ என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார்.

மேடையொழுக்கக் கண்காணிப்பு அதிகாரி பிம் துரை மறுவாரமே வந்து இறங்கினார். அன்றைக்கு நாடகம் உண்டு என்று கொட்டகை உச்சியில் கொடி ஏற்றியாகிவிட்டது. இரண்டு மணிக்கு நாடகம். துரையின் ஒரு கையில் பட்டியல், மறுகையில் சின்ன மரப்பெட்டி.

“கல்யாணமாகாத ஐந்து குமாஸ்தாக்கள் ஒன்பது மாசம் உட்கார்ந்து ஆராய்ஞ்ச பொம்பளை லட்சணப் பட்டியல் இது. இது பொம்பளைன்னு சொன்னா பொம்பளை. அப்புறம் இவன் மேடை ஏறினா கொட்டகைக்குப் பூட்டு.”

நடிகர்களின் உடுப்பெல்லாம் தைத்துப் பார்த்துக்கொள்கிற டாமரிஸ், அம்ப்ரோஸின் காதருகே குனிந்தாள். நாலு பிள்ளை பெற்றவள், புருஷனைக் கடலில் இழந்தவள்.

“தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும். இன்னைக்கு ஒரு நாள் மோசமா நடிடா.”

“மோசமாவா? அக்கா, பன்னிரண்டு வருஷம் கத்துக்கிட்டுப் பரீட்சையில கோட்டை விடச் சொல்றியா?”

“ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அசல் பெண் வேணும். நீ வாம்மா,” என்றார் துரை, டாமரிஸைப் பார்த்து.

முதலில் நடை. அம்ப்ரோஸ் கொக்கு மாதிரி அடி எடுத்து வைத்தான். டாமரிஸ் மூன்றே எட்டில் அறையைக் கடந்து, வழியில் கிடந்த உடுப்புப் பெட்டியையும் தூக்கி ஓரமாக வைத்தாள். துரை குறித்துக்கொண்டார். பிறகு மரப்பெட்டியைத் திறந்தார். எலி ஓடியது. அம்ப்ரோஸ் “ஐயோ!” என்று மெல்லக் கூவி, நெஞ்சில் கைவைத்து, பாவாடை கசங்காமல் சரிந்தான். டாமரிஸ் எலியை வாலைப் பிடித்துத் தூக்கி ஜன்னல் வழியே வீசினாள்.

“அது அரசாங்க எலி!” என்று துரை பதறினார்.

“அப்ப அரசாங்கத்துல பூனை வளர்க்கச் சொல்லுங்க.”

துரை கூட்டிப் பார்த்தார். “சந்தேகமே இல்லை. அம்ப்ரோஸ் பெண். இந்த டாமரிஸ் ஆண்.”

“துரை, இவன் ரெண்டு வேளை முகம் சிரைக்கிறவன். அந்தத் தாடையைத் தொட்டுப் பாருங்க,” என்றாள் டாமரிஸ்.

“பட்டியலில் தாடை இல்லை.”

முத்திரை குத்திய காகிதம் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். வெளியே முதல் எக்காளம் ஊதியது. இரண்டாயிரம் பேர் நிற்கிறார்கள், ராணி இல்லை. துரையே வழியும் சொன்னார்: “ஆண் நடிக்கத் தடை இல்லை. இதோ தேறிய ஆண்.”

திரைக்குப் பின்னால் நின்று நின்று டாமரிஸுக்கு வசனம் முழுக்கப் பாடம். ஏற்றிவிட்டார்கள். மகனைத் தேடிக்கொண்டு கொட்டகைக்குள் போன நான், கூட்டத்தில் மாட்டிக்கொண்டதால் வேறு வழியில்லாமல் கடைசிவரை பார்த்தேன். ராஜா போரில் செத்த சேதி வந்தது. டாமரிஸ் அழவில்லை. சிம்மாசனத்தில் உட்கார்ந்து, முழங்கால்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அப்புறம் வசனத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டாள்: “பிள்ளைங்க சாப்பிட்டாச்சா?”

கொட்டகை கொதித்தது.

“ஏய், இது பொம்பளையா? மரக்கட்டையா?”

“எங்க அம்ப்ரோஸைக் கொண்டு வாங்கடா! அவன்தான்டா அசல் பொம்பளை!”

ஆப்பிள் சக்கைகள் பறந்தன. ஆண்டவர் மன்னிக்கட்டும், நானும்தான் கத்தினேன். என் வீட்டுக்காரர் போன சேதி வந்த அன்றைக்கு நான் கேட்டதும் அதே கேள்விதான். ஆனாலும் மேடைக்கென்று ஒரு முறை இருக்கிறதே.

கொட்டகையைக் கொளுத்திவிடுவார்கள் போலிருந்தது. துரை அங்கேயே ஒரு திருத்தம் எழுதினார்: ‘மேற்படி அம்ப்ரோஸ் மேடைக்கு மேலே ஆண், மேடைக்குக் கீழே பெண்.’ பிழைப்பு போகாமல் தப்பியது. அலுவலகமும் தப்புச் செய்யாமல் தப்பியது. டாமரிஸின் காகிதத்தை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் முதல் முத்திரை தவறென்று ஆகிவிடுமே.

எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை காகிதத்தின்படி அம்ப்ரோஸ் எங்கள் வரிசையில் வந்து உட்கார்ந்தான். ‘இந்தக் காலத்துப் பெண்கள் ஆண்களைப்போல இறகுத் தொப்பி போட்டுத் திரிகிறார்கள், பெண் பெண்ணாக இருக்க வேண்டும்’ என்று பாதிரியார் முழங்கினார். பெண்ணாக இருப்பது எப்படி என்று எங்களுக்குச் சட்டென்று விளங்கவில்லை. எல்லோரும் அம்ப்ரோஸைப் பார்த்தோம். அவன் கைக்குட்டையின் நுனியை இரண்டு விரலால் பிடித்துக் கண்ணோரம் ஒற்றினான். உடனே பிம் துரையின் மனைவி தன் இறகுத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே ஒற்றினாள். பின்னாலேயே நாங்கள் அத்தனை பேரும் ஒற்றினோம்.

எதிர்ப்பக்கம் ஆண்கள் வரிசையில் டாமரிஸ் காலை நீட்டி உட்கார்ந்து கொட்டாவி விட்டாள். என்ன இருந்தாலும் ஆண்பிள்ளைதானே.