ஐஸ் பெட்டியில் விழுந்த லேப்டாப்

ஊர் ஊராகச் சுற்றியவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கேட்டாலும் "தெரியாது" என்று சொல்ல வாய் வராது. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டு, ஓசூரில் மூட்டை தூக்கி, திருப்பூர் சாயப்பட்டறையில் கை வெந்து, பிறகு ஒரு பிரவுசிங் சென்டரில் கொஞ்ச காலம் இருந்தவன் நான். அதனால் பூரணாங்குப்பத்தில் அக்கா வீட்டுக்கு நான்தான் கம்ப்யூட்டர் நிபுணன். (அந்த சென்டரில் தரை பெருக்கினேன் என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

அக்காவுக்கு மீன் வியாபாரம். மகள் நிவேதா டிப்ளமோ படித்தவள். அன்று மதியம் சேதராப்பட்டு கம்பெனி ஒன்றில் அவளுக்கு நேர்காணல். தான் வரைந்த பல்சக்கரத்தை லேப்டாப்பில் சுழற்றிக் காட்ட வேண்டும். அவளுடையது செகண்ட் ஹேண்ட், அதில் விண்டோஸ் இல்லை. வரையும் மென்பொருளோ விண்டோஸில்தான் ஓடும். அதனால் லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் ஓடுகிற மாதிரி, விர்ச்சுவல் மெஷின் என்று ஒன்றைப் போட்டு வைத்திருந்தாள்.

காலையில் மவுஸால் இழுத்தால், சக்கரம் யோசித்து யோசித்துத் திரும்பியது.

"மாமா, இன்னா பண்றதுன்னே தெரில. இப்பிடி ஓடுனா எவன் வேல குடுப்பான்?"

"நவுரு, நான் பாக்கறேன்."

உள்ளே ஓடுவதுதானே திணறுகிறது என்று, இருந்த மெமரி மொத்தத்தையும் அதற்கே ஒதுக்கினேன். வெளியே இருந்த லேப்டாப் பட்டினியில் மயங்கிவிட்டது. மவுஸ் அம்புகூட அசையவில்லை. அணைத்து, பழையபடி மாற்றிவிட்டு, அடியில் தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல்.

"சூடுடி! சூடானா மெதுவாத்தான் ஓடும்."

இது உண்மைதான். ஆனால் கூடத்தில் அக்காவின் ஐஸ் பெட்டி இருந்ததே! மூடியைக் கழற்றினேன். அவள் மீன் அள்ளிக் கொடுக்கும் அலுமினியத் தட்டைப் பெட்டியின் குறுக்கே வைத்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்தேன். சற்று நேரத்தில் சக்கரம் கொஞ்சம் சுறுசுறுப்பாகவே சுற்றியது.

"பாத்தியா? மாமாவ இன்னான்னு நெனச்ச?"

அப்போது வாசலில் ஒரு அம்மா வந்து சங்கரா மீன் கேட்டார். அக்கா அவரிடம் விலை பேசிக்கொண்டே உள்ளே வந்து, வழக்கப்படி திரும்பிப் பார்க்காமல் தட்டை உருவினாள்.

தொப்.

"அய்யோ! என் லேப்டாப்பும்மா!"

"மீன் பொட்டில அது இன்னாத்துக்குடி வந்துச்சு?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். வாசலில் நின்ற அம்மா மட்டும் நிதானமாகச் சொன்னார்: "அதையும் சேத்து எட போட்ராத தாயி."

தலைகீழாகக் கவிழ்த்தோம். தண்ணீரும் செதிலும் கொட்டின. உயிர் வரவில்லை. நல்லவேளையாகப் படத்தின் நகல் பென்டிரைவில் இருந்தது. நிவேதா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்தாள்.

"தொணைக்கு வரட்டா?" என்றேன்.

"நீ எதையும் தொடாம வூட்லயே இரு மாமா. அது போதும்."

லேப்டாப் எங்கே என்று கம்பெனியில் கேட்டபோது, நடந்ததை அப்படியே சொன்னாளாம். சிரித்து முடித்து, தங்கள் கம்ப்யூட்டரைக் கொடுத்தார்களாம். அதில் சக்கரம் பம்பரமாகச் சுழன்றது. "சரிம்மா, ஒன்னோடதுல ஏன் மெதுவா ஓடுச்சு?" என்று ஒருவர் கேட்டார். விர்ச்சுவல் மெஷின் செட்டிங்கில், படத்தை வேகமாகச் சுழல வைக்கும் 3டி ஆக்சிலரேஷன் என்ற கட்டத்தில் டிக் அடிக்காமல் விட்டிருந்தாள். பஸ்ஸில் போகும்போதுதான் அது அவளுக்கு உறைத்திருக்கிறது. அந்தப் பதிலுக்கே வேலை கிடைத்துவிட்டது.

ஒரே ஒரு டிக். அதற்கு நான் ஒரு பெட்டி ஐஸைச் செலவழித்தேன்.

இன்றைக்கும் அந்த வீட்டில் மிக்ஸி மெதுவாக ஓடினாலும், பஸ் தாமதமாக வந்தாலும், "மாமாகிட்ட சொல்லு, ஐஸ்ல வெப்பாரு" என்பார்கள். எந்த ஊரில் இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு வருகிறேன். நான் போகும்போது மட்டும் ஐஸ் பெட்டிக்கு மேல் ஒரு கயிறு இறுக்கிக் கட்டியிருக்கும். யாராவது கேட்டால், பூனைக்காக என்பாள் அக்கா.

அந்த வீட்டில் பூனையே கிடையாது.