உறைக்காது சேர், சாப்பிடுங்க

கணிதம் படிப்பிப்பவனுக்கு விஞ்ஞானமும் தானாகத் தெரிந்திருக்கும் என்று ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். (ஊர் நம்பவில்லை, நான் மட்டும்தான்.)

கல்லடியில் எங்கள் பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி. காத்தான்குடியிலிருந்து வரும் பரீதா டீச்சர், பாடசாலைத் தோட்டத்துக் கொச்சிக்காயில், அதாவது மிளகாயில், ஓர் ஆய்வு செய்திருந்தார். ஒவ்வொரு பூவும் விரிந்த அன்றே காம்பில் நிற நூல் கட்டி, காயின் வயதை இரண்டு மாதமாகக் குறித்துவந்தார். அப்படியொரு பொறுமையை நான் எவரிடமும் கண்டதில்லை. மேசையில் மூன்று தட்டுகள்: மூன்று வாரக் காய், ஆறு வாரக் காய், சிவந்த பழம்.

அவர் மாணவிகளைக் கூட்டிவரப் போன நேரம், மேசையை அழகுபடுத்த எனக்கு ஆசை வந்தது. தொங்கிய நூல்களைக் கத்தரித்து எறிந்தேன். பச்சைக் காய்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு; ஒரே தட்டில் குவித்தேன். சிவப்பென்றால் உறைப்பு, பச்சையென்றால் பிஞ்சு. இதற்கு எதற்கு மூன்று தட்டு?

அதற்குள் பிரதம விருந்தினர் வந்துவிட்டார். ஓய்வுபெற்ற கல்விப் பணிப்பாளர்.

"இதென்ன?" என்று பச்சைத் தட்டைக் காட்டினார்.

"பிஞ்சு சேர். உறைக்காது, சாப்பிடுங்க."

நம்பிக் கடித்தார். முகம் சிவந்தது, விக்கல் எடுத்தது. திறப்புரை எழுதிய தாளால் வாயை விசிறினார். நான் தண்ணீர் கொடுத்தேன். எரிவு தொண்டைவரை பரவியது. எங்கள் பாடசாலை அதிபர் பார்த்த பார்வையில் என் இடமாற்றக் கடிதமே தயாராகிவிட்டது.

பிள்ளைகளோடு திரும்பிய பரீதா டீச்சர், நிலைமையைக் கண்டதும் மனையியல் அறைக்கு ஓடித் தயிரோடு வந்தார்.

"மூணு கிழமையிலயே காய் வளர்ந்திரும் சேர், உறைப்பு பிறகுதான் ஏறும். விதையைத் தாங்குற வெள்ளைச் சதையிலதான் அது ஊறுது. நீங்க கடிச்சது ஆறு கிழமைக் காய். உறைப்பு உச்சத்தில நிக்கிற நேரம்."

விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பழத்தைக் காட்டினார். "அப்ப இது?"

"இந்த இனம் பழுத்தா உறைப்புக் கொஞ்சம் இறங்கும். இனிப்புக் கூடும்."

"உச்சத்தையே கண்டிட்டன், இனி என்ன பயம்," என்று பழத்தையும் கடித்தார். நிதானமாக மென்றார். "ஓம், டீச்சர் சொன்னது சரி."

முதற்பரிசு அந்த மேசைக்கே கிடைத்தது. பரீதா டீச்சர் என்னைக் கடிந்துகொள்ளவே இல்லை. "நூலை எங்க சேர் போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். குப்பைத் தொட்டியில் நான்தான் தேடி எடுத்தேன்.

ஆனால் வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்கள். இப்போது என் தலை முழுக்க நரைத்துவிட்டது. வீட்டில் தொலைபேசி அடித்தால் மனைவி எடுத்துச் சொல்கிறாள்:

"ஓம், பிஞ்சு சேர்ட வீடுதான். சொல்லுங்க."