முட்கள் கூடிச் செய்த சதி

ஒரு காட்டில் ஒரே ஆலமரத்தடியில் இரண்டு கோர்ட் நடந்தது. பள்ளமான பக்கம் கீழ்க்கோர்ட். மேடான பக்கம் மேல்கோர்ட். கீழே தோற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாலு எட்டு மேலே ஏறி, முதலிலிருந்து அழ ஆரம்பிக்கலாம்.

மயிலாத்தா என்ற முள்ளம்பன்றி அப்படித்தான் ஏறி வந்தாள். ஒரு சிறுத்தையைக் குத்திக் கொன்றுவிட்டாள் என்று அவள்மேல் வழக்கு. அவளை ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்று கீழ்க்கோர்ட் சொல்லிவிட்டது. அக்கரையில் கிழங்குத் தோட்டம் உண்டு. தோட்டத்தைக் காக்க வேட்டை நாய்களும் உண்டு. நாயைக்கூட அவள் ஒரு கை பார்த்துவிடுவாள். வளைக்குள் இரண்டு குட்டிகள் இருக்கின்றனவே, அவற்றை யார் பார்ப்பது? இன்னும் முள் கெட்டிப்படாத பிள்ளைகள். இரண்டையும் தட்டித் தூங்கவைத்துவிட்டு, பக்கத்து வளை முயலிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பிள்ளைகள் கண் விழிப்பதற்குள் தீர்ப்பு வர வேண்டும். அதுவும் நல்லதாக வர வேண்டும்.

“பயப்படாதே அம்மணி. நான் ஒரு பாயிண்டைப் பிடிச்சா விடமாட்டேன்,” என்றது அவளுடைய வக்கீல் உடும்பு.

“போன தடவையும் இதையேதான் சொன்னீங்கண்ணா.”

“போன தடவை தப்பான பாயிண்டைப் பிடிச்சுட்டேன். அதையும் விடலை பாத்தியா?”

மேல்கோர்ட்டில் மூன்று நீதிபதிகள். நடுவில் யானை. பக்கத்தில் ஆமை. மேலே கிளையில் ஆந்தை. பகலில் ஆந்தைக்குக் கண் செருகிவிடும். ஆனால் தூக்கத்தில் தலை ஆடிக்கொண்டே இருப்பதால், எந்தத் தீர்ப்புக்கும் அதன் சம்மதம் கிடைத்துவிடும்.

சிறுத்தை வீட்டாருக்காக நரி எழுந்தது.

“கனம் கோர்ட்டாரே! இறந்துபோனவர் தங்கமானவர். அன்று பொழுது சாயும் நேரம் இந்த அம்மாளின் வளைக்கு நலம் விசாரிக்கத்தான் போனார்.”

“வாயைப் பொளந்துக்கிட்டா?” என்றாள் மயிலாத்தா.

“வாயைத் திறக்காமல் எப்படி அம்மா விசாரிப்பது?” என்றது நரி. “போனவரை இவள் திட்டமிட்டுக் கொன்றாள். இவள் முதுகைப் பாருங்கள். இது இன்று நேற்று முளைத்த முள்ளா? பிறந்ததிலிருந்து வளர்த்திருக்கிறாள்! எவ்வளவு பழைய திட்டம்! அதுமட்டுமா? அத்தனை முள்ளும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றிருக்கின்றன. முன்கூட்டிப் பேசிவைக்காமல் அது எப்படி நடக்கும்? இது கூட்டுச் சதி!”

“யாரும் யாரும் பேசி வச்சாங்க?” என்று உடும்பு கேட்டது.

“முள்ளும் முள்ளும்தான். சதி என்று வந்துவிட்டால் ஒருவர் செய்தது எல்லோரும் செய்த மாதிரி. குத்தியது நாலு முள்தான் என்றாலும் குற்றம் அத்தனைக்கும் உண்டு.”

யானை தும்பிக்கையால் நெற்றியைச் சொறிந்தபடி, “இது சரியாகத்தான் இருக்கிறது,” என்றது. ஆந்தை தலையாட்டியது.

உடும்பு அவசரமாக முன்னே வந்தது. “எசமான், கொலை நடந்தப்ப என் கட்சிக்காரி அந்த இடத்துலயே இல்லை. தலை வளைக்குள்ளே இருந்துச்சு. பிள்ளைக்குக் கிழங்கு ஊட்டிக்கிட்டு இருந்தா.”

“அவள் முதுகு வெளியில்தானே இருந்தது!” என்று நரி கத்தியது.

அதுவரை ஓட்டுக்குள்ளேயே இருந்த ஆமை தலையை நீட்டியது. “வக்கீலே, தலை இருக்கும் இடம்தான் ஆள் இருக்கும் இடம். நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டால் கோர்ட்டில் இல்லை என்று கணக்கு. காலையிலிருந்து நீர் பேசியது எதுவும் எனக்குத் தெரியாது. வேண்டுமானால் மறுபடி பேசும்.”

நரி மறுபடி பேசியது. பாதியில் ஆமை மறுபடி உள்ளே போய்விட்டது.

கடைசியில் யானை சொன்னது: “ஒரு சந்தேகம்தான் பாக்கி. முட்களை இவள் வேண்டுமென்றே எழுப்பினாளா, தானாக எழுந்தனவா?”

நரிக்கு இப்படி ஒரு கேள்விக்குத்தான் ஆசை. “நடத்திக் காட்டிவிடலாம். நான் சிறுத்தையாக வருகிறேன். இவள் முள்ளம்பன்றியாக இருக்கட்டும்.”

“நான் எப்பவும் அதாத்தானுங்க இருக்கேன்,” என்றாள் மயிலாத்தா.

நரி உள்ளுக்குள் சிரித்தது. முள் எழவில்லை என்றால், அடக்கத் தெரிந்தவள் அன்றைக்கு வேண்டுமென்றேதான் எழுப்பினாள் என்று சொல்லலாம். எழுந்துவிட்டால், கோர்ட்டிலேயே வக்கீலைக் குத்த வந்தாள் என்று சொல்லலாம். எப்படிப் போனாலும் அவளுக்கு அக்கரைதான்.

“வக்கீலண்ணா, எழுப்பறதா, அடக்கறதா?” என்று மயிலாத்தா கிசுகிசுத்தாள்.

“அம்மணி, நீ ஒண்ணும் யோசிக்காதே. தலையை உள்ளே விட்டுட்டுப் பிள்ளைகளை நினை.”

அவள் ஆலமர வேரிடுக்கில் தலையை நுழைத்துக்கொண்டாள். உள்ளே இருட்டு, மண் வாசனை. சின்னது கிழங்கைத் துப்பித் துப்பி விளையாடும் வாய் ஞாபகம் வந்தது. அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பின்னால் சருகு நொறுங்கியது. அன்றைக்கு நொறுங்கியதும் இப்படித்தான். ஐயோ, பிள்ளைக!

அவ்வளவுதான். முதுகு தானாகச் சிலிர்த்துக்கொண்டது. “அம்மா!” என்று ஓர் அலறல். அவள் தலையை வெளியே எடுத்துப் பார்த்தால், ஆர்வத்தில் அளவுக்கு மீறிப் பாய்ந்துவிட்ட நரி தவ்விக்கொண்டிருந்தது. அதன் பின்புறத்தில் நாலு முள் நட்டுக்கொண்டு நின்றது.

ஆமை சிரிப்பை மறைக்கத் தலையை இழுத்துக்கொண்டது. யானை தீர்ப்புச் சொன்னது.

“முட்கள் தானாகத்தான் எழுகின்றன. தலை வேறிடத்தில் இருந்ததால் மயிலாத்தா குற்றமற்றவள். ஆனால் முட்கள் தமக்குள் சதி செய்தன என்று நரி வக்கீல் அழகாக நிரூபித்துவிட்டார். சிறுத்தையைக் குத்திய முட்கள் அதோடு மண்ணுக்குள் போய்விட்டன. ஒருவர் செய்தது எல்லோரும் செய்த மாதிரி என்பதால், இதோ கையும் களவுமாகப் பிடிபட்ட நாலு முள்ளையும் சிறையில் அடைக்கிறோம்.”

“அவள் முதுகில் இருக்கும் மிச்ச முட்கள்?” என்று நரி முனகியது.

உடும்பு அதை அப்படியே கவ்விக்கொண்டது. “அதுக எல்லாம் அப்ரூவர் ஆயிடுச்சுங்க. கோர்ட் முன்னால எழுந்து நின்னு உண்மையைச் சொல்லிடுச்சே!”

ஆந்தை தலையாட்டியது.

“அப்படியானால் இந்த நாலையும் பிடுங்கி எடுத்துக்கொள்ளுங்கள்!” என்று நரி கெஞ்சியது.

“கைதியை இருக்கும் இடத்திலிருந்து தப்பவைப்பது தனிக் குற்றம்,” என்றது யானை. “அவை தாமாக விழுகிற வரை நீரும் உள்ளேதான் இருக்க வேண்டும். உட்காராமல் பார்த்துக்கொள்ளும், கைதிகளுக்கு வலிக்கும்.”

காவலுக்கு நின்ற கரடிகள் நரியைக் கூட்டிக்கொண்டு போயின. மயிலாத்தா ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஒரே ஓட்டமாக ஓடினாள். அவள் வளைக்குள் தலையை விட்டபோது, சின்னது அப்போதுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தது. பசிக்கிறது என்றது. கிழங்கை ஊட்டியதும் துப்பியது.

நீதி: குற்றம் செய்தவர்தான் சிறைக்குப் போவார் என்று நினைக்காதீர்கள், குற்றம் கடைசியாக யார்மேல் குத்தி நிற்கிறதோ, அவரே போவார்.